இடைக்கால ஐரோப்பாவில் இரட்டைக் குழந்தைகள்: எட்டு வார மாணவர் ஆய்வுப் பயிற்சிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"இடைக்கால ஐரோப்பாவில் இரட்டைக் குழந்தைகளை எப்படிப் பார்த்தார்கள் என்று ஆராயப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னபோது, பாட்டி கையிலிருந்த கீரையை ஆய்ந்துகொண்டே, "ரெட்டை வாழைப்பழம் தின்னா ரெட்டைப் புள்ளை பொறக்கும், இதுல ஆராய என்ன இருக்கு?" என்றார். அதே பாட்டி, சீப்பில் ஒட்டிய பழம் வந்தால் தூக்கி எறிந்ததே இல்லை. இரண்டாகப் பிய்த்துப் பேத்திகளுக்குக் கொடுத்துவிடுவார். ஐந்நூறு ஆண்டு கழித்து யாரோ ஒருவர் பாட்டியின் வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டு, "தமிழர்கள் ஒட்டிய வாழைப்பழத்துக்கு அஞ்சினார்கள்" என்று எழுதினால் எப்படி இருக்கும்?

இந்தப் பயிற்சியில் சேரும் மாணவர் ஏறக்குறைய எல்லோரும் முதல் வாரத்தில் செய்யும் தவறு இதுதான். நானும் செய்தேன். என்னுடைய பயிற்சி எட்டு வாரம், பாதி நேரில், பாதி இணையவழி. அப்புறம் சில மாணவர்களுக்கு இதே தலைப்பில் உதவியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இந்தப் படிகள்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

இடைக்காலம் என்றால் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை, ஆயிரம் ஆண்டு. அதற்குள் பைசாந்தியம் (கான்ஸ்டாண்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசு) உண்டு, ஐஸ்லாந்து உண்டு, பார்சிலோனா உண்டு. "இடைக்கால மனப்பான்மை" என்று ஒன்று எங்கேயோ முழுசாக உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு காலம், ஒரு நிலப்பகுதி, ஒரு வகை ஆதாரம் என்று மூன்றையும் முடிவு செய்த பிறகுதான் விண்ணப்பம் எழுத வேண்டும்.

எட்டு வாரத்துக்குள் அடங்கும் கேள்விகள் இப்படி இருக்கும்: 12, 13ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கதைகளில், இரட்டைப் பிள்ளை பெற்றவள்மேல் பழி சொல்வது யார், அவருக்கு என்ன ஆகிறது? நிலமும் பட்டமும் உள்ள வீடுகளில் இரட்டையர் பிறந்தால் சொத்தை எப்படிப் பிரித்தார்கள்? ஒட்டிப் பிறந்தவர்களைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர் அதை எதற்கு அடையாளமாக்குகிறார்?

அடங்காத கேள்வி: "அக்காலத்தில் நூற்றுக்கு எத்தனை பிரசவம் இரட்டைப் பிரசவம்?" இதை விட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் ஊர்த் தேவாலயங்கள் ஞானஸ்நானப் பதிவேடு வைக்க வேண்டும் என்ற ஆணை 1538இல்தான் வருகிறது. கத்தோலிக்க உலகுக்கு டிரெண்ட் சங்கம் என்ற ஆயர்கள் பேரவை பதிவேடுகளை வற்புறுத்தியது 1563இல். அதற்கு முன் கிடைப்பவை துண்டு துண்டானவை. பிளாரன்ஸ் நகரத்தின் 1427ஆம் ஆண்டு வரிக் கணக்கெடுப்பில் வீட்டாரின் வயதுகள் இருக்கின்றனவே, ஒரே வயதுப் பிள்ளைகளை எண்ணிவிடலாமே என்று ஆசை வரும். மக்கள் வயதை ஐந்து, பத்து என்று முழு எண்ணாக்கிச் சொன்ன காலம் அது. இரண்டு பிள்ளைக்கும் ஒரே வயது எழுதியிருப்பது இரட்டையருக்குச் சான்று ஆகாது.

படி 2: வழிகாட்டிக்கு எழுதும் கடிதம்

இதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எந்த நூலை ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள், அதில் எந்த இடம் உங்களை நிறுத்தியது, எட்டு வாரத்தில் என்ன கையில் கொடுப்பீர்கள் என்ற மூன்றும் இருந்தால் போதும். "எனக்கு இடைக்கால வரலாற்றில் சிறுவயது முதலே ஆர்வம்" என்ற வாக்கியம் கடிதத்தில் இருந்தால் அழித்துவிடுங்கள். எல்லோரும் அதை எழுதுகிறார்கள்.

லத்தீன் தெரியாது என்பதை மறைக்காதீர்கள். மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஆரம்பித்து, முக்கியமான சொல் வரும் இடத்தில் மட்டும் மூலத்தைப் பார்க்கலாம். மறைத்துவிட்டு மூன்றாவது வாரத்தில் மாட்டிக்கொள்வதுதான் சங்கடம்.

படி 3: முதல் வாரம் தேடாதீர்கள், படியுங்கள்

கணினியைத் திறந்ததும் தேடுபெட்டியில் சொல்லைப் போடக் கை துடிக்கும். முதல் வாரம் அது வேண்டாம். மூன்று சிறு பகுதிகளை மட்டும் முழுமையாகப் படியுங்கள்.

முதலாவது, விவிலியத்தின் ஆதியாகமம் 25, 38ஆம் அதிகாரங்கள். ரெபெக்காளின் வயிற்றிலேயே சண்டை போடும் ஏசாவும் யாக்கோபும் முன்னதில் வருகிறார்கள். பின்னதில் தாமார் பெற்ற இரட்டையர்: ஒரு பிள்ளை கையை வெளியே நீட்ட, மருத்துவச்சி அதில் சிவப்பு நூலைக் கட்டுகிறாள், கை உள்ளே போய்விடுகிறது, மற்றவன் முந்திப் பிறக்கிறான். இடைக்காலத்தில் இரட்டையரைப் பற்றி எழுதிய எழுத்தறிந்தவர் எவருக்கும் இந்த இரண்டு கதைகளும் மனப்பாடம்.

இரண்டாவது, கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் எழுதிய 'கடவுளின் நகரம்' நூலின் ஐந்தாம் பாகத்தில் முதல் சில அத்தியாயங்கள். ஜோதிடத்தை உடைக்க அவர் எடுக்கும் ஆயுதமே இரட்டையர்தான். ஒரே தாய், ஒரே வேளை, ஒரே வானம். பிறகு ஏன் ஒருவன் ஏசாவாகவும் இன்னொருவன் யாக்கோபாகவும் ஆனான்? நிகிடியுஸ் என்ற ரோமானியர் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். குயவன் சக்கரத்தை வேகமாகச் சுற்றவிட்டு, சுழலும்போதே மையால் இரண்டு முறை சட்டென்று தொட்டார். நின்றதும் பார்த்தால் இரண்டு புள்ளியும் வெகுதூரம் தள்ளி இருந்தன. வானமும் அப்படித்தான் வேகமாகச் சுழல்கிறது, அந்தச் சிறு இடைவெளியில் விதி மாறிவிடும் என்பது வாதம். அந்தச் சக்கரத்தில் வனையும் பானையைவிட இந்த வாதம் சீக்கிரம் உடையும் என்று அகஸ்டின் கிண்டலடிக்கிறார். நம்மூரில் ஜாதகம் பார்ப்பவரிடம் இரட்டையரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இந்தச் சண்டை பழக்கமானதாகவே இருக்கும்.

மூன்றாவது, 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாரி த பிரான்ஸ் பழைய பிரெஞ்சில் எழுதிய 'லெ ஃப்ரேன்' என்ற கதைப்பாட்டு. 518 அடிதான். ஒரே உட்காரலில் முடிக்கலாம். இதற்குப் படி 6இல் திரும்பி வருகிறேன், இந்த ஆய்வே அதைச் சுற்றித்தான் சுழல்கிறது.

படி 4: தேடும் சொற்கள்

இரண்டாம் வாரத்தில் தேடல். லத்தீனில் இரட்டையருக்குப் பொதுச்சொல் 'கெமினி', 'கெமெல்லி'. நான் 'கெமின்' என்ற அடிச்சொல்லைப் போட்டுத் தேடிவிட்டு, ஆயிரக்கணக்கில் முடிவு வந்ததும் குதித்தேன். பிரித்துப் பார்த்தால் பாதி மிதுன ராசி. மீதியில் பெரும்பகுதி கிறிஸ்துவின் 'இரட்டை இயல்பு' பற்றிய இறையியல், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு வெறுமனே 'இரு மடங்கு' என்ற பொருளும் உண்டு. பத்து நாள் வீண்.

அதனால் பெயர்ச்சொல்லோடு நிற்காமல் பிரசவத்தைச் சொல்லும் தொடர்களைத் தேடுங்கள். 'ஊனோ பார்ட்டு', அதாவது 'ஒரே பிரசவத்தில்', நல்ல தொடர். 'பெற்றாள்' என்ற பொருளுள்ள 'பெப்பெரிட்' என்ற வினையோடு 'கெமெல்லோஸ்' சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். பழைய பிரெஞ்சில் 'ஜுமெல்', 'பெஸோன்' இரண்டும் வரும். நடு ஆங்கிலத்தில் 'ட்வின்லிங்' என்ற அழகான சொல் உண்டு. ஐஸ்லாந்துக் கதைகளுக்குப் போனால் 'த்வீபுரார்'. எழுத்துக்கூட்டல் நூறு விதமாக மாறும் என்பதால், ஒவ்வொரு சொல்லையும் அந்தந்த மொழியின் இடைக்கால அகராதியில் பார்த்து, அங்கே கொடுத்திருக்கும் மாற்று வடிவங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது? ஜெர்மானியப் பகுதிகளின் வரலாற்று மூலங்களுக்கு மோனுமெண்டா ஜெர்மானியே ஹிஸ்டோரிக்கா தொகுப்பு இணையத்தில் இலவசம். பாரிஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா, சுவிஸ் கையெழுத்துப்படிகளுக்கான ஈ-கோடிசெஸ் இரண்டும் இலவசம். நடு ஆங்கிலக் கதைகளுக்கு ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டீம்ஸ் தொகுப்பு குறிப்புரையோடு கிடைக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் இணையச் சேவைகள் 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் முடங்கியதை மறக்க வேண்டாம். அன்று முதல் நான் சொல்வது ஒன்றுதான்: இன்று திறக்கும் பக்கத்தை இன்றே உங்கள் கணினியில் சேமித்துவிடுங்கள்.

படி 5: அட்டவணை

கிடைப்பதை எல்லாம் ஒரே அட்டவணையில் போட வேண்டும். நூல், எழுதிய காலம், நிகழ்ந்ததாகச் சொல்லும் காலம், இடம், எழுதிய மொழி, ஆதார வகை என்று வழக்கமான பத்திகள் இருக்கட்டும். இரண்டு பத்திகளை மட்டும் நான் கட்டாயம் என்பேன். "இதைச் சொல்வது யார்?" என்பது ஒன்று. "சொன்னவருக்கு அப்புறம் என்ன ஆகிறது?" என்பது இன்னொன்று.

எழுதிய காலத்தையும் நிகழ்ந்த காலத்தையும் ஏன் தனித்தனியாகப் போடுகிறோம் என்பது படி 9இல் புரியும்.

படி 6: பழி சொல்வது யார்?

இப்போது 'லெ ஃப்ரேன்' கதைக்கு வருவோம். பிரிட்டனி நாட்டில் (இன்றைய வடமேற்குப் பிரான்ஸ்) பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு வீரர்கள். ஒருவர் மனைவிக்கு இரட்டை ஆண்பிள்ளை பிறக்கிறது. சந்தோஷச் செய்தி பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அங்கே சாப்பாட்டு மேசையில், எல்லோர் காதிலும் விழும்படி, அந்த வீட்டு அம்மாள் சொல்கிறாள்: இரண்டு ஆண்களோடு படுக்காமல் ஒரு பெண்ணுக்கு ஒரே பிரசவத்தில் இரண்டு பிள்ளை பிறக்காது.

இந்த வரியைத்தான் பலர் வெட்டி எடுத்து, "இடைக்காலத்தில் இரட்டையர் என்றால் கள்ள உறவு என்று நம்பினார்கள்" என்று எழுதுகிறார்கள். வரியோடு நிற்காமல் மேலே படியுங்கள். அவள் கணவனே உடனே அவளைக் கண்டிக்கிறான். பேச்சு பிரிட்டனி முழுக்கப் பரவி, ஏழை பணக்காரி என்றில்லாமல் பெண்கள் எல்லோரும் அவளை வெறுக்கிறார்கள். இன்னொரு பக்கம், இரட்டை பெற்றவளின் கணவன் காரணமே இல்லாமல் மனைவியைச் சந்தேகித்து வருத்துகிறான். அதையும் மாரி மறைக்கவில்லை. பேச்சுக்கு நிஜமாகவே காயப்படுத்தும் சக்தி இருந்திருக்கிறது.

அதே வருஷம் பழி சொன்னவளுக்கே இரட்டைப் பெண்குழந்தைகள். சொன்ன வார்த்தை தன் மேலேயே திரும்பிவிடும் என்று பயந்து ஒன்றைக் கொன்றுவிடலாமா என்று யோசிக்கிறாள். சுற்றியிருந்த பெண்கள் தடுக்கிறார்கள். கடைசியில் ஒரு குழந்தை, கான்ஸ்டாண்டினோபிளிலிருந்து வந்த பட்டுத் துணியில் சுற்றப்பட்டு, கையில் மோதிரத்தோடு, கன்னியர் மடத்து வாசலில் இருந்த ஆஷ் மரக் கிளையில் வைக்கப்படுகிறது. பிரெஞ்சில் அந்த மரத்தின் பெயர் ஃப்ரேன், குழந்தைக்கும் அதுவே பெயர். வீட்டில் வளர்ந்த மற்றவள் பெயர் கோட்ர், அது ஹேசல் கொட்டை காய்க்கும் மரம். வளர்ந்தபின் ஃப்ரேனை ஒரு பிரபு நேசித்து வைத்திருக்கும்போது, "ஆஷ் மரம் காய்க்காது, ஹேசல் காய்க்கும்" என்று சொல்லி அவனைக் கோட்ருக்குக் கட்டிவைக்கிறார்கள். முதலிரவுப் படுக்கையில் ஃப்ரேன் தன் பட்டுத் துணியை விரிக்க, தாய் அதை அடையாளம் கண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள்.

ஆக, 'இரண்டு பிள்ளைக்கு இரண்டு தகப்பன்' என்ற கருத்தைச் சொல்பவள் கதையில் தண்டிக்கப்படுகிறாள். இது ஒரு கதையோடு முடிந்தால் பரவாயில்லை, விட்டுவிடலாம். அன்னப்பறவை வீரன் கதைத் தொகுதியில் பேயாட்ரிஸ் ராணி, இரட்டைப் பிள்ளையோடு போகும் ஏழைப் பெண்ணைப் பார்த்து இதே பேச்சைப் பேசுகிறாள். அவளுக்கு ஒரே பிரசவத்தில் ஏழு. ஹென்னெபெர்க் சீமாட்டி மார்கரெட் பற்றிய ஹாலந்துக் கதையிலும் இரட்டைப் பிள்ளையோடு பிச்சை கேட்டு வந்தவளிடம் அவள் அதையே சொல்லப் போய், "வருஷத்தில் எத்தனை நாளோ உனக்கு அத்தனை பிள்ளை பிறக்கட்டும்" என்ற சாபத்தை வாங்கிக்கொள்கிறாள். 1276ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று 365 குழந்தைகள் பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, அன்றே எல்லோரும் இறந்தார்கள் என்கிறது கதை. சில வடிவங்களில் 364. தி ஹேக் நகருக்குப் பக்கத்திலுள்ள லோஸ்டெய்னன் தேவாலயத்தில், ஞானஸ்நானம் கொடுத்த பாத்திரங்கள் என்று இரண்டைக் காட்டினார்கள். 1660இல் லண்டனைச் சேர்ந்த நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ்கூடப் போய்ப் பார்த்திருக்கிறார்.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு, எனக்கு அது மிகவும் பிடிக்கும். அந்தப் பகுதியில் புது வருஷம் ஈஸ்டரை ஒட்டித் தொடங்கும் கணக்கு புழங்கியது. பெரிய வெள்ளியன்று வருஷத்தில் மிச்சம் இருந்தது இரண்டே நாள். 'வருஷத்தில் எத்தனை நாளோ அத்தனை' என்றால் இரண்டு, அதாவது இரட்டைக் குழந்தைகள்! நிரூபிக்க முடியாது. ஆனால் நாட்காட்டி தெரியாமல் இடைக்கால ஆதாரத்தைத் தொடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

உங்கள் அட்டவணையின் கடைசி இரண்டு பத்திகளில் இப்போது ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். சொல்பவள் உயர்குலப் பெண். அடுத்து அவளுக்கே ஒரே பிரசவத்தில் இரண்டோ அதைவிட அதிகமாகவோ பிறக்கிறது. அப்படியானால் இந்தக் கதைகள் அந்த நம்பிக்கைக்குச் சாட்சியா, அல்லது அதை எதிர்த்து எழுந்த குரலா? என் முடிவு: வம்பாக அந்தப் பேச்சு ஊரில் இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் அதை மறுத்துக் கதை கட்டத் தேவையில்லை. ஆனால் எழுதியவர்கள் வம்பின் பக்கம் நிற்கவில்லை. இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும், ஒன்றை விட்டு ஒன்றை எழுதினால் தப்பாகிவிடும்.

படி 7: மருத்துவர்கள் என்ன சொன்னார்கள்?

இங்கே சுருக்கமாகப் போகலாம், ஏனென்றால் இது தனி ஆய்வுக்கான கடல். கர்ப்பப்பையில் ஏழு அறைகள் என்ற கருத்து இடைக்காலத்தில் பரவலாக இருந்தது. வலப்பக்கம் மூன்று ஆண்பிள்ளைக்கு, இடப்பக்கம் மூன்று பெண்பிள்ளைக்கு, நடுவில் ஒன்று இருபால் இயல்புள்ள குழந்தைக்கு. மொண்டினோ என்ற போலோஞ்ஞா நகர மருத்துவர் பிணங்களை அறுத்துப் பார்த்து 1316இல் எழுதிய உடற்கூற்று நூலில்கூட ஏழு அறை இருக்கிறது. கண்ணால் பார்த்தும் ஏழைத்தான் கண்டார்! இந்தக் கணக்கில் இரட்டைப் பிரசவம் என்பது இரண்டு அறை நிரம்பியது, அவ்வளவுதான். பேயாட்ரிஸ் ராணிக்கு ஏன் சரியாக ஏழு என்று இங்கே ஒரு நிமிஷம் யோசிக்கலாம். யோசித்துவிட்டு, ஏழு விவிலியத்திலும் நாட்டுக்கதையிலும் எங்கும் வரும் எண் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

ஒரு கர்ப்பத்தின் மேல் இன்னொரு கர்ப்பம் தரிக்கும் என்ற கருத்து பண்டைய நூல்களிலிருந்தே வருகிறது. கிரேக்கப் புராண இரட்டையரான ஹெர்குலிஸும் இஃபிக்கிளிஸும் இதற்கு நிலையான உதாரணம், ஒருவன் தேவனுக்கு, மற்றவன் மனிதனுக்கு. பழி சொன்ன சீமாட்டிகளின் பேச்சுக்குப் படித்தவர் பக்கத்திலிருந்து கிடைத்த துணை இது.

படி 8: நிஜமான இரட்டையர்களைத் தேடுங்கள்

கதையிலேயே இருந்துவிட்டால் ஆய்வு ஒற்றைக்காலில் நிற்கும். நான்காம், ஐந்தாம் வாரம் ஆவணங்களுக்குப் போங்கள். இரட்டையர் பிறந்த வீட்டில் உண்மையில் என்ன செய்தார்கள்?

நான் எப்போதும் முதலில் கொடுப்பது போமோன் சகோதரர்கள், வாலரனும் ராபர்ட்டும். 1104இல் பிறந்த இரட்டையர். தந்தை மூலான் பிரபு. நார்மண்டியிலும் இங்கிலாந்திலும் நிலம். பிள்ளைகளுக்கு மூன்று வயதாகும்போதே, 1107இல், இங்கிலாந்து ராஜா முதலாம் ஹென்றியின் ஒப்புதலோடு சொத்துப் பிரிவினை எழுதப்பட்டது. தந்தை 1118இல் இறந்ததும் மூத்தவனாகக் கருதப்பட்ட வாலரனுக்கு மூலானும் நார்மண்டி நிலங்களும், ராபர்ட்டுக்கு இங்கிலாந்து நிலங்களும் லெஸ்டர் பட்டமும். இருவரும் ராஜசபையிலேயே வளர்ந்தார்கள். 1119இல் ஜிசோரில் போப்பாண்டவர் இரண்டாம் கலிஸ்டஸை ஹென்றி சந்தித்தபோது, இந்த இரண்டு பையன்களையும் கர்தினால்களோடு வாதம் செய்யவிட்டார்கள், கர்தினால்கள் அசந்துபோனார்கள் என்று அக்கால ஆங்கில வரலாற்றாசிரியர் மாம்ஸ்பரி வில்லியம் எழுதுகிறார். வெட்கமோ சந்தேகமோ துர்ச்சகுனமோ எங்கும் இல்லை. ஜோடியாகக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறார்கள். வாலரன் பின்னால் ஹென்றிக்கு எதிராகக் கலகம் செய்து 1124இல் பிடிபட்டான், ராபர்ட் ராஜாவின் பக்கமே நின்றான். அகஸ்டினுக்குக் காட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பக்கத்திலேயே எதிர் உதாரணம் ஒன்று வையுங்கள். பார்சிலோனாவில் 1076 முதல் இரட்டைச் சகோதரர்கள் இரண்டாம் ரமோன் பெரெங்கெரும் இரண்டாம் பெரெங்கெர் ரமோனும் சேர்ந்து ஆண்டார்கள். 1082இல் முன்னவர் கொலையுண்டார். பின்னவருக்கு வரலாற்றில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் 'சகோதரக் கொலைகாரர்'. பிரிக்காமல் ஒன்றாகக் கொடுத்ததன் விலை என்று சொல்லத் தோன்றும். ஆனால் இரட்டையர் அல்லாத எத்தனையோ அண்ணன் தம்பிகளும் அதே காலத்தில் வெட்டிக்கொண்டார்கள். 'இரட்டையர் என்பதால்' என்று எழுதும் முன் பத்து முறை யோசியுங்கள்.

மூத்தவர் யார் என்பதில் சட்டத்துக்கும் தலைவலி. 13ஆம் நூற்றாண்டில் காஸ்டீல் ராஜா பத்தாம் அல்ஃபோன்சோ தொகுப்பித்த 'சியெத்தெ பார்த்தீதாஸ்' சட்டநூலில், ஆணும் பெண்ணும் இரட்டையாகப் பிறந்து யார் முதல் என்று தெரியாவிட்டால் ஆண்தான் முதலில் வந்ததாகக் கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. தாமாரின் மருத்துவச்சி கட்டிய சிவப்பு நூல் ஏன் அவ்வளவு முக்கியம் என்று இப்போது தெரியும்.

இன்னொரு பெரிய சங்கதி குழந்தை மரணம். 778இல் பிறந்த லூயி, சார்லமேனின் மகன், பின்னாளில் பேரரசர். அவரோடு பிறந்த லோத்தர் குழந்தையிலேயே போய்விட்டான். ஸ்காட்லாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் 1430 அக்டோபரில் பிறந்தபோது கூடவே அலெக்சாண்டர் இருந்தான், அவனும் குழந்தையிலேயே இறந்தான். ராஜவீட்டுக்கே இந்த நிலை. ஒருவர் மட்டும் பிழைத்த இரட்டையர் பலர் நம் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். அதனால் 'ஆவணத்தில் இரட்டையர் குறைவு' என்பதை 'மறைத்தார்கள்' என்று படிக்காதீர்கள்.

படி 9: ஒட்டிப் பிறந்தவர்கள் – மெதுவாக நடக்க வேண்டிய இடம்

மாணவர்கள் எல்லோரும் இங்கே ஓடி வருவார்கள், படம் இருக்கிறது அல்லவா. 10ஆம் நூற்றாண்டில் ஆர்மேனியாவிலிருந்து கான்ஸ்டாண்டினோபிளுக்கு வயிற்றுப் பகுதியில் ஒட்டிய இரட்டை ஆண்கள் வந்தார்கள். முதலில் துர்ச்சகுனம் என்று நகரத்தைவிட்டு வெளியேற்றினார்கள். பிறகு, பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தனியாக ஆண்ட காலத்தில், திரும்பி வந்தார்கள். ஒருவர் இறந்ததும் மருத்துவர்கள் உடலை அறுத்துப் பிரித்தார்கள். மற்றவர் மூன்று நாள் உயிரோடு இருந்தார். பைசாந்திய வரலாற்றாசிரியர் ஸ்கைலிட்சஸ் எழுதிய நூலுக்கு மாட்ரிட் தேசிய நூலகத்திலுள்ள கையெழுத்துப்படியில் இதற்கு ஓவியம் உண்டு. ஒரே நகரம் ஒருமுறை விரட்டியது, இன்னொருமுறை காப்பாற்றக் கத்தியை எடுத்தது. இதில் எது 'பைசாந்திய மனப்பான்மை'?

மாம்ஸ்பரி வில்லியமும் நார்மண்டி–பிரிட்டனி எல்லையில் இருந்த ஒட்டிய பெண்களைப் பற்றி எழுதுகிறார்: இரண்டு தலை, நான்கு கை, கீழே ஒரே உடம்பு. ஒருத்தி சிரித்தால் மற்றவள் அழுவாள். ஒருத்தி இறந்தபின் மற்றவள் அந்தச் சடலத்தை ஏறக்குறைய மூன்று ஆண்டு சுமந்தாளாம். பிறகு, இது இங்கிலாந்துக்கும் நார்மண்டிக்கும் அடையாளம் என்று சிலர் கருதியதாகச் சொல்கிறார்: செத்த நார்மண்டியை இங்கிலாந்தின் பணம் சுமக்கிறது. வில்லியமுக்கு அந்தப் பெண்கள்மேல் அக்கறையா, வரிச்சுமை மேலா என்பதை அட்டவணையில் குறியுங்கள்.

கென்ட் மாவட்டத்தின் பிடென்டன் ஊர் சகோதரிகளை எச்சரிக்கைக்காகச் சேர்க்கிறேன். மேரி, எலைசா சல்க்கர்ஸ்ட், 1100இல் ஒட்டிப் பிறந்தார்கள், 34 வயதுவரை வாழ்ந்தார்கள், 20 ஏக்கர் நிலத்தை ஏழைகளுக்கு எழுதி வைத்தார்கள் என்பது ஊர்க் கதை. ஈஸ்டருக்கு அவர்கள் உருவம் பொறித்த பிஸ்கட் கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் அச்சில் இந்த விவரங்கள் கிடைப்பது 18ஆம் நூற்றாண்டில். நடுவில் அறுநூறு ஆண்டு இடைவெளி. 'எழுதிய காலம்', 'நிகழ்ந்த காலம்' என்று இரண்டு பத்தி போடச் சொன்னது இதற்குத்தான். இந்த வரிசை 18ஆம் நூற்றாண்டு ஆதாரமாகத்தான் கணக்கில் சேரும்.

இவர்களுக்கு இன்றைய மருத்துவப் பெயர் சூட்டும் ஆசையையும் அடக்குங்கள். உங்கள் வேலை நோயறிவது அல்ல.

படி 10: படங்கள்

ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். மிதுன ராசி, மே மாதப் பக்கத்தில், செப நூல்களின் நாட்காட்டிகளில் வரும். சில இடத்தில் இரண்டு பையன்கள், சில இடத்தில் கட்டிப்பிடித்த ஆணும் பெண்ணும். மூஸ்கியோ என்ற பழைய லத்தீன் மருத்துவ ஆசிரியரின் பிரசவ நூல் கையெழுத்துப்படிகளில், குடுவை போன்ற கர்ப்பப்பைக்குள் குட்டி மனிதர்கள் கரணம் அடிப்பது போல இருக்கும், அவற்றில் இரட்டையரும் உண்டு. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் 9ஆம் நூற்றாண்டுப் படி இவற்றில் மிகப் பழையது. மருத்துவச்சி எந்தக் கையை முதலில் பிடிக்க வேண்டும் என்ற நடைமுறைக்காக வரைந்த படங்கள் இவை. பயமோ வியப்போ இல்லாமல் இரட்டையரைப் பார்த்த கண் இங்கேதான் கிடைக்கும்.

கோஸ்மாஸ், தமியான் என்ற இரட்டை மருத்துவப் புனிதர்களையும் விட்டுவிடாதீர்கள். இரட்டையர் தீயவர் என்ற பொதுக்கருத்து இருந்திருந்தால் இவர்களுக்குப் பலிபீடம் கிடைத்திருக்குமா?

தமிழ் மாணவருக்கு இங்கே ஒரு கிளைத் தலைப்பு காத்திருக்கிறது. சென்னையில் பரங்கிமலையோடு மரபு இணைக்கும் அப்போஸ்தலர் தோமாவின் பெயருக்கே அரமேயத்தில் 'இரட்டை' என்றுதான் பொருள். தமிழ் விவிலியத்தில் "திதிமு என்னப்பட்ட தோமா" என்று வருகிறதே, அந்தத் 'திதிமு' அதே சொல்லின் கிரேக்க வடிவம். யாரோடு இரட்டை? 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்த 'தோமாவின் பணிகள்' நூல், இயேசுவோடு என்று சொல்லி, அவரை இந்தியாவுக்கும் அனுப்புகிறது. இடைக்கால ஐரோப்பா இந்த இரட்டைத் தன்மையை எப்படிக் கையாண்டது என்பது தனியாக எட்டு வாரம் கேட்கும்.

படி 11: கடைசி இரண்டு வாரம்

ஏழாம் வாரத் தொடக்கத்தில் தேடலை நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒரு நூல், இன்னும் ஒரு நூல் என்று இழுத்தால் அறிக்கை வராது.

அறிக்கையைக் காலவரிசையில் எழுதாமல், அட்டவணையின் "சொல்வது யார்?" பத்தியை வைத்துப் பிரியுங்கள். கதையில் வம்பு பேசுபவள், ஜோதிடனோடு வாதிடும் இறையியலாளர், சொத்துப் பிரிக்கும் தகப்பன், அரசியல் பேச உவமை தேடும் வரலாற்றாசிரியர், கையைத் தடவிப் பார்க்கும் மருத்துவச்சி. ஒவ்வொருவருக்கும் இரட்டையர் வேறுவிதமாகத் தேவைப்பட்டிருக்கிறார்கள். அந்தத் தேவையை எழுதினாலே அறிக்கையில் பாதி முடிந்தது.

ஒவ்வொரு மேற்கோளையும் நீங்கள் கண்ணால் பார்த்த பதிப்போடு சரிபாருங்கள். யாரோ ஒருவர் கட்டுரையில் எடுத்தாண்டதை மூலத்திலிருந்து எடுத்ததாகக் காட்டினால் வழிகாட்டி ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

அறிக்கையோடு அட்டவணையையும் ஒப்படையுங்கள், வெற்று அறைகளோடு. "சொன்னவருக்கு என்ன ஆகிறது?" என்பதற்குப் பதில் கிடைக்காத வரிசைகளை அழகுக்காக நீக்க வேண்டாம். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்.